தேநீர் அறையின் பின்கட்டு: பெப்பு மலைமேல் வெளிநாட்டு மாணவர்கள் ஜப்பானைக் கற்கும் விதம்

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் விருந்தினர் கண்ணில் படாத ஓர் இடம் உண்டு. மிஸுயா என்பார்கள். நம் பழைய வீடுகளின் பின்கட்டு மாதிரி. கிண்ணங்களைக் கழுவித் துடைப்பது, மட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடியைச் சலிப்பது, இனிப்புகளை எண்ணித் தட்டில் வைப்பது, அடுத்த கிண்ணம் எப்போது உள்ளே போக வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எல்லாம் அங்கேதான். முன்னறையில் ஒருவர் மண்டியிட்டு அமர்ந்து தேநீர் கலக்கும் அந்த அமைதி, பின்கட்டில் நாலைந்து பேர் சத்தம் காட்டாமல் ஓடியாடுவதால் வருவது.

ஜப்பானுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கு முதலில் காட்டப்படுவது முன்னறைதான். கிமோனோ உடுத்தி ஒரு படம், கசப்பான மட்சா ஒரு கிண்ணம், தூரிகை பிடித்து ஜப்பானிய எழுத்தில் தன் பெயர். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கைதட்டிக் கலைவார்கள். இதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் போக வாசற்படி வேண்டும். ஆனால் வந்தவரை நான்கு ஆண்டும் வாசற்படியிலேயே நிறுத்திவைத்தால் அவர் அந்த வீட்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்? பின்கட்டு வரை போகும் மாணவருக்கு என்ன கிடைக்கிறது, எது அவருக்கு வழி விடுகிறது, எது மறிக்கிறது என்பதை ஒரு வளாகத்தை வைத்துப் பார்க்கலாம்.

மேலுலகமும் கீழுலகமும்

கியூஷூ தீவின் கிழக்குக் கரையில், ஓய்தா மாநிலத்தில் பெப்பு இருக்கிறது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். வெந்நீர் ஊற்றுக்கண்கள் மட்டும் 2,000-க்கு மேல்; ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இவ்வளவு கிடையாது. தெருவோரச் சாக்கடை மூடிகளின் வழியாகக்கூட ஆவி எழும். இந்த ஊருக்கு மேலே, கடலைப் பார்த்த மலைச்சரிவில் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பட்டது ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம். ஏ.பி.யூ. என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

கியோத்தோவில் வேர்கொண்ட ரித்சுமெய்கான் நிறுவனமும், ஓய்தா மாநில அரசும், பெப்பு நகராட்சியும் சேர்ந்து எழுப்பிய வளாகம் இது. அப்போதைய ஆளுநர் ஹிராமட்சு மொரிஹிகோ, 1979-இல் ‘ஒரு கிராமம், ஒரு விளைபொருள்’ இயக்கத்தைத் தொடங்கிப் பெயர் பெற்றவர். இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த மாநிலத்துக்கு உலகத்தின் இளைஞர்களை வரவழைப்பது என்பது அவர் பார்வைக்கு ஒத்துப்போன யோசனை. மாணவரில் பாதி வெளிநாட்டவர், ஆசிரியரில் பாதி வெளிநாட்டவர், 50 நாடுகளிலிருந்து மாணவர்கள் என்று மூன்று ஐம்பதுகளை இலக்காக வைத்தார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் இது துணிச்சலான கணக்கு. இன்று மாணவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டவர். நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி: 2004 முதல் 2009 வரை இதன் தலைவராக இருந்த மொன்டே காசிம் இலங்கையில் பிறந்தவர்.

மாணவர்கள் வளாகத்தை ‘தென்கூ’, அதாவது வானம் என்கிறார்கள். கீழே இருக்கும் ஊர் ‘கெகாய்’, கீழுலகம். பேருந்தில் அரைமணிக்கு மேல் ஆகும் தொலைவு இந்தப் பெயர்களை உண்டாக்கியது. இலையுதிர் காலத்தில் மாணவர்களே நடத்தும் வளாகத் திருவிழாவுக்கும் தென்கூ-சாய் என்றே பெயர். வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கிய சொற்கள்தான், ஆனாலும் அவற்றில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வானத்திலேயே ஆங்கிலம் பேசி, விடுதிச் சமையலறையில் தன் நாட்டுச் சமையலைச் சமைத்து, கீழுலகத்தைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடவும் முடியும். ஆங்கில வழியில் சேருபவருக்கும் ஜப்பானிய மொழிப் பாடங்கள் உண்டு என்றாலும், வகுப்பறை மொழி வகுப்பறையோடு நின்றுவிடுவது எங்கும் உள்ளதுதானே.

செப்டம்பரில் வந்தவர்கள்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில், செர்ரி பூக்கும் காலத்தில் பிறக்கிறது. அந்த இரண்டு வாரங்கள் எந்த வளாகத்துக்குப் போனாலும் நடக்க வழி இருக்காது. ‘ஷின்கான்’ நடந்துகொண்டிருக்கும்: புதியவர்களை வரவேற்றுத் தங்கள் குழுவுக்கு இழுக்கும் பருவம். டென்னிஸ் மட்டையோடு ஒருவர், கோட்டோ வாத்தியத்தோடு ஒருவர், சுமோ அரைக்கச்சையோடு ஒருவர் என்று துண்டறிக்கைகளைக் கையில் திணிப்பார்கள். இங்கே மாணவர் குழுக்களில் இரண்டு வகை. ‘பு’ என்பது கட்டுக்கோப்பானது. வாரத்தில் நாலைந்து நாள் பயிற்சி, போட்டி, பயிற்றுநர் உண்டு. ‘சர்க்கிள்’ சற்றுத் தளர்வானது. எதில் சேர்ந்தாலும் அந்த ஏப்ரலில் சேர்ந்தவர்கள் ஒரே தலைமுறை ஆகிறார்கள். அடுத்த ஏப்ரலில் அவர்கள் செம்பாய். நம் கல்லூரிகளில் சீனியர் என்போமே, அது. மூன்றாம் ஆண்டில் தலைமை ஏற்று, வேலை தேடும் படலம் தொடங்கியதும் விலகுவார்கள்.

இந்தச் சக்கரத்துக்குள் வெளிநாட்டு மாணவர் எப்படி ஏறுவார்? ஒரு பருவமோ ஓராண்டோ மட்டும் இருக்க வரும் பரிமாற்ற மாணவர்கள் பலர் வந்திறங்குவது செப்டம்பரில். அதற்குள் குழுக்கள் உருவாகி, கோடைப் பயிற்சி முகாமும் முடிந்திருக்கும். அந்த முகாமுக்கு ‘கஸ்ஷுகு’ என்று பெயர். ஓரிடத்தில் சேர்ந்து தங்கி, உண்டு, உறங்கிப் பயிலும் அந்தச் சில நாள்களில்தான் முகங்கள் நண்பர்களாகின்றன. செப்டம்பரில் கதவைத் தட்டுபவரை யாரும் விரட்டுவதில்லை. அன்பாக வரவேற்று, நாற்காலி போட்டு, பார்க்கச் சொல்வார்கள். அந்த அன்புதான் சிக்கல். ‘ஓக்யகு-சான்’, விருந்தாளி ஆகிவிடுகிறார். விருந்தாளி கையில் யாரும் துடைப்பத்தைக் கொடுப்பதில்லை.

ஏ.பி.யூ. இதைத் தொடக்கத்திலேயே கொஞ்சம் தீர்த்துவைத்தது. ஏப்ரல், செப்டம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை மாணவரைச் சேர்க்கிறது. பட்டப்படிப்பு முழுவதற்கும் வருபவர்களே அதிகம் என்பதால் செப்டம்பர்க்காரர்கள் இடையில் வந்து ஒட்டிக்கொண்டவர்களாகத் தெரிவதில்லை. அவர்களும் ஒரு தலைமுறை. நாள்காட்டியில் செய்த ஒரு மாற்றம், நூறு பண்பாட்டு விழாக்கள் செய்யாததைச் செய்கிறது என்பது என் துணிபு.

கொட்டும் கையும் குருவி ஓட்டும் கட்டையும்

பெப்பு வளாகத்தில் வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்கும் ஜப்பானியக் கலைகளில் டைக்கோ முரசும் யொசாகோய் ஆட்டமும் முக்கியமானவை. ஏன் இவை இரண்டும்? சத்தமும் வேகமும் ஒரு காரணம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது: இந்த வடிவில் இரண்டும் வயதில் சின்னவை.

டைக்கோ முரசு பழையது. கோயில் விழாக்களில் நூற்றாண்டுகளாக ஒலிப்பது. ஆனால் பெரிதும் சிறிதுமாகப் பல முரசுகளை அடுக்கிக் குழுவாக மேடையில் வாசிப்பது 1951-இல் நாகானோ மாநிலத்தில் ஓகுச்சி தைஹாச்சி என்பவர் தொடங்கியது. அவர் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். முரசு பழகுபவர் அடிகளை முதலில் வாயால் சொல்லிப் பழகுவதுண்டு. டோன் என்றால் நடுவில் ஓர் அடி. டோகோ என்றால் இரண்டு விரைவான அடிகள். கா என்றால் விளிம்புக் கட்டையில். ட்ஸு என்றால் மெல்லத் தொடுவது. மிருதங்கமோ தவிலோ படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்; சொற்கட்டு சொல்லி வளர்ந்த காது உடனே பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய மொழி அரைகுறையாக இருப்பவருக்கும் இந்த மொழி ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. குழுவில் அவர் முதன்முதலாக மற்றவர்களுக்குச் சமமாக நிற்கும் இடம் அதுதான்.

யொசாகோய் இன்னும் திறந்த மனதுள்ளது. போருக்குப் பின் நொடித்துப்போன ஊரைத் தூக்கி நிறுத்த 1954-இல் ஜப்பானின் கொச்சி (நம் கேரளத்துக் கொச்சி அல்ல) நகரத்து வணிகர்கள் தொடங்கிய கோடைவிழா அது. ஆடுபவர் கையில் ‘நருகோ’ இருக்கும். நெல்வயலில் பறவைகளை விரட்டப் பயன்பட்ட கட்டைத் தாளம். நம் தினைப்புனத்தில் கிளி ஓட்டிய தட்டையின் உறவுக்காரி. 1991-இல் கொச்சிக்குப் போய் இதைப் பார்த்து மெய்சிலிர்த்த ஹொக்கைதோ பல்கலைக்கழக மாணவர் ஹாசெகாவா காகு, நண்பர்களைத் திரட்டி 1992 ஜூனில் சப்போரோவில் யொசாகோய் சோரன் விழாவை நடத்தினார். முதல் ஆண்டில் 10 குழுக்கள், ஏறத்தாழ 1,000 ஆட்டக்காரர்கள். இன்று அது ஜப்பானின் பெரிய வீதி விழாக்களில் ஒன்று. மாணவர்கள் கையில் பிறந்த விழா என்பதால்தானோ என்னவோ, வளாகங்களில் அது அவ்வளவு இயல்பாக வேர்விட்டிருக்கிறது. விதிகளும் இரண்டே: கையில் நருகோ இருக்க வேண்டும், இசையில் சோரன் மீனவர் பாட்டின் ஒரு துண்டாவது கேட்க வேண்டும். மற்றது உன் விருப்பம். ராக் இசை வைக்கலாம், சம்பா வைக்கலாம். இந்தோனேசிய மாணவி ஒருத்தி தன் ஊர்க் கையசைவு ஒன்றைச் சேர்த்தால் அது விதிமீறல் ஆகாது. ஜப்பானியப் பண்பாடு என்றாலே ஆயிரம் ஆண்டு மாறாத ஒன்று என்று நினைத்து வரும் மாணவர், தன் கையாலேயே அது மாறுவதைப் பார்க்கிறார்.

தேநீரும் வில்வித்தையும் வேறு மாதிரி. அங்கே வடிவம் முதலில், நீ பிறகு. பல பல்கலைக்கழகங்களின் வில்வித்தைக் குழுக்களில் புதியவர் உண்மையான வில்லைத் தொடவே பல வாரங்கள் ஆகும். முதலில் ரப்பர்ப் பட்டை கட்டிய கோல். பிறகு ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் வைக்கோல் உருளை. அதன் பிறகுதான் 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் அகல இலக்கு. நிற்பது முதல் அம்பு விட்டபின் அசையாமல் இருப்பது வரை எட்டு நிலைகள். கடைசி நிலைக்கு ‘ஸான்ஷின்’ என்று பெயர், எஞ்சி நிற்கும் மனம். ஒரே பருவம் தங்கும் மாணவருக்கு இந்தப் பொறுமைக்கு நேரம் போதாது. பாதியில் விட்டுப்போகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருந்து பழகியவர்கள் இலக்கில் தைத்த அம்புகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மரத்தரையைத் துணியால் துடைத்த காலைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

விழா முடிந்த இரவு

மேடைக்கு வெளியே நடப்பதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஏ.பி.யூ.வில் சில நாடுகளுக்குத் தலா ஒரு வாரம் ஒதுக்கி மாணவர்கள் விழா எடுக்கிறார்கள். இந்தோனேசியா வாரம், தாய்லாந்து வாரம் என்று வரும். கடைசியில் பெரிய அரங்கில் கலைநிகழ்ச்சி. அந்த நாட்டு ஆட்டத்தை ஜப்பானிய மாணவர்களும், மற்ற நாட்டவர்களும் மாதக்கணக்கில் பழகி ஆடுவார்கள். இதில் ஜப்பானியப் பண்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, நடத்தும் முறையில்.

முதலில் செயற்குழு. யாருக்கு எது பொறுப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ‘காகாரி’. திரைச்சீலைக்கு ஒருவர், குப்பை பிரிப்பதற்கு ஒருவர். பிறகு நிமிடக் கணக்கில் அட்டவணை. பிறகு ‘ஹோரென்சோ’. அறிவித்தல், தொடர்புகொள்ளல், கலந்துபேசல் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் சொல். ஜப்பானிய மொழியில் அதற்குப் பசலைக்கீரை என்றும் பொருள். பயிற்சிக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பத்து நிமிடம் தாமதமாகும் என்றாலும் சொல்ல வேண்டும். வராமல் இருப்பது பிழையாகத் தோன்றாது. சொல்லாமல் இருந்தால் மனம் முறியும். எங்கள் ஊரில் வந்தால் வந்தான், வராவிட்டால் ஏதோ வேலை என்று விட்டுவிடும் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு முதல் சில வாரங்கள் மூச்சு முட்டும்.

விழா முடிந்ததும் ‘ஹன்செய்-காய்’. வட்டமாக உட்கார்ந்து, எது சரியாக நடக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கூட்டம் ஆரவாரித்துக் கலைந்த அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், மூன்றாவது பாட்டுக்கு விளக்கு நாலு நொடி தாமதம் என்று ஒருவர் தொடங்குவார். பல வெளிநாட்டு மாணவர்களை இது புண்படுத்துகிறது. இவ்வளவு உழைத்தோமே, ஒரு பாராட்டுக்கூட இல்லையா என்று. பழகப் பழகத்தான் தெரியும்: அங்கே யாரும் அடுத்தவர் குற்றத்தைச் சொல்வதில்லை, தன் காகாரியில் தான் விட்டதைச் சொல்கிறார்கள். சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேட்டில் ஏறும். அடுத்த ஆண்டுத் தலைமைக்கு அந்தக் குறிப்பேடு கைமாறும். அந்தக் கைமாற்றுக்கு ‘ஹிகித்ஸுகி’ என்று பெயர். பாராட்டு அதன் பிறகு, ‘உச்சியாகே’ என்னும் விருந்தில் வரும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது ஒரே சொல்: ‘ஓத்ஸுகாரெசாமா’. உழைத்துக் களைத்தவரைப் பார்த்துச் சொல்வது. தமிழில் இதற்கு நேரான சொல் எனக்கு அகப்படவில்லை. பயிர் அறுத்து வரப்பில் உட்கார்ந்தவரிடம் ‘கொஞ்சம் தண்ணி குடிங்க’ என்று சொம்பை நீட்டுவதுதான் கிட்ட வருகிறது.

தென்கூ-சாய் கடைகளிலும் இதே பாடம். அனுமதி, சுகாதார விதி, தீ அணைக்கும் ஏற்பாடு, எண்ணெய் கழிவை எங்கே கொட்டுவது என்று படிவம் மேல் படிவம். சமோசா விற்க வந்தவர், ஜப்பானின் நிர்வாகப் பண்பாட்டை முழுதாகக் கற்றுக்கொண்டு போகிறார். இது கிமோனோ படத்தைவிட எத்தனையோ மடங்கு அவருக்கு வேலைக்கு ஆகும்.

மொழியும் இங்கேதான் மாறுகிறது. வகுப்பறை மரியாதை மொழியைக் கற்றுத்தருகிறது. செம்பாயிடம் அதையும், ஒத்த வயதினரிடம் மரியாதை விகுதி களைந்த பேச்சையும், எப்போது எதற்குத் தாவுவது என்பதையும் குழு கற்றுத்தருகிறது. ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வரும் கணம் எவ்வளவு நுட்பமானது என்பது தமிழருக்குத் தெரியும். கூடவே வட்டார வழக்கும் ஒட்டிக்கொள்ளும். ‘ஷின்கென்’ என்றால் பொது மொழியில் தீவிரம். ஓய்தாக்காரர் வாயில் அது ‘ரொம்ப’.

யார் வெளியே நிற்கிறார்கள்

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதினால் அது ஆய்வாகாது. முதல் தடை பணம். மாணவர் விசாவில் இருப்பவர், அனுமதி பெற்று, பருவ நாள்களில் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வீட்டிலிருந்து பணம் வராத மாணவர் அந்த 28 மணி நேரத்தையும் உணவகத்திலோ சுற்றுலா விடுதியிலோ கழிக்கிறார். மாலை ஆறரைக்குப் பயிற்சி என்றால் அவருக்கு அப்போது பணிமுறை. கல்விக் கட்டணச் சலுகை பகுதியாகவோ முழுமையாகவோ கிடைத்தாலும் வாடகையும் சாப்பாடும் இருக்கின்றன. பண்பாட்டு அனுபவம் என்பது ஓய்வு நேரம் உள்ளவருக்கே கிடைக்கும் பொருளாகிவிடுகிறது. இதைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

அடுத்தது சாப்பாட்டு மேசை. குழுவின் நெருக்கம் பெரும்பாலும் உணவகத்தில், குடிவிருந்தில் முற்றுகிறது. சட்டப்படி பெரியவராகும் வயது 2022 ஏப்ரலில் 18 ஆனாலும் மது அருந்த 20 நிறைய வேண்டும் என்ற சட்டம் மாறவில்லை. குடிக்காதவர், ஹலால் உண்பவர், சைவர் ஆகியோருக்கு அந்த மேசையில் என்ன இருக்கும்? காய்கறிக் குழம்பு என்று வைப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கும். சைவ மாணவர்கள் வெள்ளரிக்காயும் வெறும் சோறும் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிய இரவுகள் பல. வெளிநாட்டவர் பாதிப்பேர் இருக்கும் வளாகத்தில் விருந்தை விடுதிச் சமையலறைக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு வெளிநாட்டவரே இருக்கும் குழுவில் அந்த ஒருவர்தான் அனுசரிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அறுந்த இழை. கொரோனா பெருந்தொற்றால் 2020 முதல் 2022 மார்ச் வரை புதிய வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஜப்பானின் எல்லை மூடிக்கிடந்தது. தங்கள் ஊரில் மடிக்கணினி முன் உட்கார்ந்து படித்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தக் காயம் ஆறிவிட்டது: ஜப்பானில் மொத்த வெளிநாட்டு மாணவர்கள் 2019-இல் 3,12,214, 2024-இல் 3,36,708. 2033-க்குள் 4 லட்சம் என்பது அரசின் இலக்கு. ஆனால் ஆண்டுக்கொரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கைகாட்டிச் சொல்லித்தரும் அமைப்பில் இரண்டு ஆண்டு இடைவெளி என்பது கொஞ்சமல்ல. கடை போடத் தெரிந்த செம்பாய்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். குறிப்பேடு இருந்தது, அதைப் படித்துக்காட்ட ஆளில்லை. எண்ணெய் எவ்வளவு வாங்க வேண்டும், முரசுத் தோலை மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது என்பவை எழுத்தில் பாதிதான் இருக்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பருவம் மட்டும் தங்குபவருக்கும் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு காகாரி கொடுக்க வேண்டும். சிறியதாக, ஆனால் அவர் செய்யாவிட்டால் விழா தடுமாறும்படியானதாக. குறிப்பேடு இரண்டு மொழியில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் மாணவர் வாரத்தில் ஒருநாள் வந்தாலும் குழுவில் ஒருவராக எண்ணப்பட வேண்டும். உடைகளும் முரசுகளும் வைக்கும் அறையின் சாவி ஓராண்டாவது ஒரு வெளிநாட்டு மாணவர் கையில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் பெப்பு மலைமேல் காற்று மாறத் தொடங்கும். விமானத்தில் வந்த களைப்பு தீராத புதியவர்கள் பெட்டிகளோடு விடுதி வாசலில் நிற்பார்கள். ஓராண்டுக்கு முன் இதேபோல வந்து நின்ற ஒருத்தி, இப்போது செம்பாய், நருகோ ஒன்றை அவர்களில் ஒருவர் கையில் வைத்து, விரல் எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டுவாள். சத்தம் சரியாக வராது. பரவாயில்லை, ஷின்கென் நன்றாக இருக்கிறது என்பாள். வந்தவருக்கு அந்தச் சொல்லின் ஓய்தாப் பொருள் இன்னும் தெரியாது.